பாரி மார்ஷலின் இரைப்பையில் 14 நாட்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல், இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் குடித்தார், அல்சர் எனப்படும் புண் வந்தது, மருந்து சாப்பிட்டார், குணமானார், நோபல் பரிசு வாங்கினார். இந்த நிகழ்வைப் பலரும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள். இதில் அல்சர் என்ற சொல் தவறு. அவருக்கு வந்தது திடீர் இரைப்பை அழற்சி. 1985இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளியான அறிக்கை இதைத் தெளிவாகவே பதிவு செய்திருக்கிறது: பத்தாம் நாள் எடுத்த திசுவில் அழற்சி இருந்தது, 14ஆம் நாள் அது பெரும்பாலும் அடங்கியிருந்தது. புண் எங்கும் இல்லை.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. அழற்சிக்கும் புண்ணுக்கும் நடுவே பல ஆண்டுகள் இருக்கின்றன. குறைந்தது நான்கைந்து வகை செல்களின் வேலை தடம் புரள வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிட்டால், இந்த ஒரே ஆள் பரிசோதனை எதை நிரூபித்தது, எதை நிரூபிக்கவில்லை என்பது கண்ணில் படாது. உண்மையில் அந்த 14 நாட்களின் பதிவு புண்ணைவிடச் சுவையான ஒன்றைக் காட்டுகிறது: ஒரு பாக்டீரியா முதன்முதலாக நுழையும்போது இரைப்பைத் திசு என்ன செய்கிறது என்பதை.

பின்னணி

மேற்கு ஆஸ்திரேலியாவின் ராயல் பெர்த் மருத்துவமனையில் நோய்க்கூறியல் வல்லுநராக இருந்த ராபின் வாரன், 1979 ஜூனில் ஓர் இரைப்பைத் திசுத்துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சளிப்படலத்தின் மேற்பரப்பில் மெல்லிய நீலக்கோடு ஒன்று தெரிந்தது. நோய்க்கூறியலில் அன்றாடம் பயன்படும் ஹீமாடாக்ஸிலின்-ஈயோசின் சாயத்தில் அது மங்கலாகவே தெரியும். வார்தின்-ஸ்டாரி வெள்ளிச் சாயம் ஏற்றியபோது நிலைமை மாறியது. வெள்ளி பாக்டீரியாவின் உடலில் படிந்து அதைக் கருப்பாகவும் சற்றுப் பருமனாகவும் காட்டும். சுமார் 3 மைக்ரோமீட்டர் நீளத்தில் வளைந்த சிற்றுடல்கள் கூட்டமாகத் தெரிந்தன. அவை இருந்த இடங்களிலெல்லாம் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை இரத்த அணுக்களும் இருந்தன.

இதற்கு முன் யாரும் பார்க்காமல் இல்லை. ஆனால் 1954இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திசுத்துண்டுகளைத் தேடிப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு எதுவும் கிடைக்கவில்லை என்று முடித்திருந்தது. அதன் பிறகு, இவ்வளவு அமிலத்தில் எதுவும் வாழாது, இரைப்பை கிருமியற்ற உறுப்பு என்ற எண்ணம் உறைந்துவிட்டது. அந்த ஆய்வில் வெள்ளிச் சாயம் பயன்படுத்தப்படவில்லை. இறந்தவர்களின் இரைப்பையைப் பார்த்தவர்களுக்கு வேறு சிக்கல்: இறந்த சில மணி நேரத்தில் சளிப்படலம் தன் செரிமானச் சாற்றாலேயே சிதைந்துவிடும். வாய் வழியே விட்டு இரைப்பையைப் பார்க்கும் வளையும் எண்டோஸ்கோப் பரவலான பிறகுதான் உயிருள்ள இரைப்பையிலிருந்து எடுத்த துண்டு, திசுவைச் சிதையாமல் காக்கும் ஃபார்மலினில் நேராக விழுந்தது.

1981இல் மார்ஷல் வாரனுடன் சேர்ந்தார். எண்டோஸ்கோபிக்கு வந்த 100 பேரிடம் வரிசையாகத் திசு எடுத்தார்கள். 58 பேரிடம் வளைந்த பாக்டீரியா தெரிந்தது. டியோடினம் எனப்படும் முன்சிறுகுடலில் புண் இருந்த 13 பேரிடமும் இருந்தது. ஆனால் ஆய்வுக்கூட வளர்ப்பில் பிடிபட்டது 11 பேரிடமிருந்து மட்டுமே.

தட்டில் ஏன் வளரவில்லை

இந்த 58க்கும் 11க்கும் உள்ள வித்தியாசம் நுண்ணுயிர்க் கூடத்தில் வேலை செய்யும் எவருக்கும் பாடமாக இருக்கும். தொண்டைச் சளியைப் பார்ப்பதுபோலவே இரைப்பைத் திசுவைத் தேய்த்த வளர்ப்புத் தட்டுகளையும் 48 மணி நேரத்தில் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையென்றால் எறிந்துகொண்டிருந்தார்கள். தொண்டைச் சளிக்கு அது சரி. இரண்டு நாளில் வாயின் வழக்கமான பாக்டீரியா தட்டை நிறைத்துவிடும், பிறகு பார்த்துப் பயனில்லை. மெதுவாகப் பிரியும் இந்தப் பாக்டீரியாவுக்கு 48 மணி நேரம் போதாது. முப்பதுக்கும் மேற்பட்ட தட்டுகள் இப்படிப் போயின. 1982 ஈஸ்டர் நீண்ட விடுமுறையில் தட்டுகள் ஐந்தாறு நாட்கள் அடைகாப்புப் பெட்டியிலேயே கிடந்தன. திறந்தபோது சுமார் 1 மில்லிமீட்டர் அகலத்தில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரிந்தன.

இன்றும் வளர்ப்பில் தோல்வி வருவது பெரும்பாலும் அதே இடங்களில்தான். இந்தப் பாக்டீரியாவுக்குக் காற்றில் உள்ள 21 சதவீத ஆக்சிஜன் அதிகம். ஆக்சிஜனே இல்லையென்றாலும் வளராது. சுமார் 5 சதவீத ஆக்சிஜன், 10 சதவீத கார்பன் டைஆக்சைடு, மீதி நைட்ரஜன், 37 டிகிரி செல்சியஸ், நல்ல ஈரப்பதம், இரத்தம் சேர்த்த அகார் என்ற வளர்ப்புக் கூழ். கூடவே மற்ற பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தடுக்க வான்கோமைசின், டிரைமெத்தோப்ரிம், ஆம்ஃபோடெரிசின் போன்றவை. மூன்றாம் நாளுக்கு முன் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. ஏழு நாள், சில கூடங்களில் பத்து நாள் வரை காத்திருந்த பிறகே இல்லை என்று எழுதலாம். திசுத்துண்டு காய்ந்துவிட்டால் கதை முடிந்தது. அனுப்பும் ஊடகத்தில் இட்டு 4 டிகிரியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் தட்டில் தேய்க்க வேண்டும். நாட்பட்ட தட்டில் வளைந்த வடிவம் மாறி உருண்டையாகிவிடும். புதியவர்கள் அதை மாசு என்று நினைத்து எறிவதுண்டு. ஆக்சிடேஸ், கேட்டலேஸ், யூரியேஸ் என்ற நொதிகளுக்கான சோதனைகள் மூன்றும் நேர்மறையாக வந்தால் ஐயம் தீரும்.

நிகழ்வு

1984 நடுப்பகுதி. ஆள் 32 வயது ஆண், மார்ஷலே. பன்றிக்குட்டிகளில் தொற்றை உண்டாக்க எடுத்த முயற்சி தோற்றிருந்தது. ஒரு கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று நிரூபிக்க ராபர்ட் காக் வகுத்த நிபந்தனைகளில் இரண்டு நிறைவேறியிருந்தன: நோயுள்ள இடத்தில் கிருமி இருக்க வேண்டும், அதைத் தனியே வளர்க்க முடிய வேண்டும். வளர்த்த கிருமியை நலமான உடலில் செலுத்தினால் நோய் வர வேண்டும், அங்கிருந்து அதே கிருமியை மீட்க வேண்டும் என்ற மற்ற இரண்டும் பாக்கி.

முதலில் எண்டோஸ்கோபி செய்து தன் இரைப்பைத் திசு இயல்பாக இருப்பதைப் பதிவு செய்துகொண்டார். இந்தப் படி இல்லாவிட்டால் மீதி எதற்கும் மதிப்பில்லை. ஏற்கெனவே தொற்று உள்ளவர் உலகில் ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர் என்ற அளவில் இருந்த காலம் அது. குடிக்கப்போகும் பாக்டீரியா, இரைப்பை அழற்சி இருந்த ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டது. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று கூடத்தில் சோதித்து, அதே மருந்தால் அந்த நோயாளியின் தொற்றை நீக்கி, நீங்கியதை எண்டோஸ்கோபியில் உறுதி செய்த பிறகே குடித்தார். அமிலச் சுரப்பைக் குறைக்க முன்கூட்டியே சிமெட்டிடின் எடுத்துக்கொண்டார். குடித்த கலங்கல் நீரில் சுமார் நூறு கோடி பாக்டீரியா இருந்தன. நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்கவில்லை. மனைவியிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இன்று இந்த வடிவில் எந்தக் குழுவும் இதை ஏற்காது, ஏற்கவும் கூடாது.

முதல் சில நாட்கள் பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் வாக்கில் உணவுக்குப் பின் வயிறு நிறைந்து உப்பியதுபோன்ற உணர்வு, பசிக்குறைவு. பிறகு அதிகாலையில் வாந்தி. வந்தது தெளிந்த நீர், அதில் புளிப்பு இல்லை. வாய் நாறுவதை வீட்டில் கவனித்தார்கள். பத்தாம் நாள் எண்டோஸ்கோபியில் எடுத்த திசுவில் நியூட்ரோஃபில்கள் குவிந்திருந்தன, பாக்டீரியா இருந்தது, வளர்ப்பிலும் கிடைத்தது. 14ஆம் நாள் மீண்டும் திசு எடுத்தபோது அழற்சி பெரிதும் தணிந்திருந்தது. அதன் பிறகே டினிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எடுத்துக்கொண்டார்.

இந்த வரிசை முக்கியம். மருந்துக்கு முன்பே திசு தேறத் தொடங்கிவிட்டது.

அமிலத்தைக் கடப்பது

இரைப்பையின் பெரைட்டல் செல், ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப் மூலம், லிட்டருக்கு சுமார் 160 மில்லிமோல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கிறது. இரத்தத்துடன் ஒப்பிட்டால் இரைப்பைச் சாற்றில் ஹைட்ரஜன் அயனி பத்து லட்சம் மடங்குக்கும் மேல். இவ்வளவு அமிலத்தின் அடியில் இரைப்பையே ஏன் கரையவில்லை என்றால், மேற்பரப்புச் செல்கள் கோழையும் பைகார்பனேட்டும் இடைவிடாமல் சுரப்பதால். உட்குழிவில் பிஹெச் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 1 முதல் 2 வரை இருக்கும்போது, சில நூறு மைக்ரோமீட்டர் தடிமனான கோழைக்கு அடியில், செல்லை ஒட்டிய இடத்தில், அது 7ஐ நெருங்குகிறது. மேற்பரப்புச் செல்களும் நெடுநாள் இருப்பதில்லை; சில நாட்களுக்கு ஒருமுறை புதியவை வந்து இடம் பிடிக்கின்றன.

ஆக, 1954இல் உறைந்த அந்த எண்ணம் உட்குழிவைப் பற்றியது. பாக்டீரியா வாழ்வது கோழைக்குள். உட்குழிவில் நீடித்தால் அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் சேர்ந்து சில நிமிடங்களில் அதன் நீந்தும் திறனைப் பறித்துவிடும். எனவே அது செய்ய வேண்டியது ஒன்றே: சீக்கிரம் கடந்துபோவது.

அதற்கு அதனிடம் மூன்று கருவிகள். முதலாவது யூரியேஸ் என்ற நொதி. நிக்கலை மையமாகக் கொண்ட இந்த நொதியைப் பாக்டீரியா தன் மொத்தப் புரதத்தில் பத்து சதவீதம் வரை தயாரித்து வைக்கிறது. ஒரே நொதிக்கு இவ்வளவு செலவிடும் உயிர் அரிது. இரைப்பைச் சாற்றில் இயல்பாகவே சிறிதளவு யூரியா உண்டு. ஒரு யூரியா உடைந்தால் இரண்டு அமோனியாவும் ஒரு கார்பன் டைஆக்சைடும் வரும். அமோனியா அமிலத்தை அணைக்கும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. யூரியா உள்ளே வரும் வாயில், வெளியே அமிலம் இருக்கும்போது மட்டும் திறக்கும் கதவு. எப்போதும் திறந்திருந்தால் நடுநிலைச் சூழலில் அமோனியா மிகுந்து, காரத்தன்மையாலேயே பாக்டீரியா செத்துப்போகும். ஆய்வுக்கூடத்தில் அமிலமில்லாத ஊடகத்தில் யூரியா சேர்த்தால் அப்படிச் சாவதைக் காணலாம்.

இரண்டாவது, கோழையை இளக்குவது. இரைப்பைக் கோழையின் முக்கியப் புரதமான மியூசின் பிஹெச் 4க்குக் கீழே கெட்டியான கூழ். அதற்கு மேலே போனால் பாகுபோல் நெகிழும். பாக்டீரியா திருகாணிபோல் துளைத்துக்கொண்டு போகிறது என்று முன்பு விளக்கினார்கள். அமோனியாவால் தன்னைச் சுற்றி ஒரு சிறு பகுதியை நெகிழச் செய்து, அதற்குள் நீந்துகிறது என்பதே சரியான விளக்கம். மூன்றாவது, ஒரு முனையில் உறையிட்ட நான்கு முதல் ஆறு கசையிழைகள், அதாவது நீந்த உதவும் வால்கள். பிஹெச் எந்தத் திசையில் உயர்கிறது என்பதை உணர்ந்து அந்தப் பக்கம் திரும்புகிறது.

மார்ஷல் சிமெட்டிடின் எடுத்துக்கொண்டதை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கடப்பதற்கான தடையை அவர் முன்கூட்டியே தாழ்த்தியிருந்தார். இயற்கையாகத் தொற்றும் குழந்தைக்கு அப்படி எதுவும் நடப்பதில்லை. பரிசோதனையின் பலவீனமாகவே இதைக் கருத வேண்டும், ஆனால் முடிவைக் கவிழ்க்கும் அளவுக்கு அல்ல.

திசுவில் நடந்தது

பெரும்பாலான பாக்டீரியா கோழையிலேயே நீந்திக்கொண்டிருக்கும். சிறு பகுதி மட்டும் செல்லில் ஒட்டும். ஒட்டியவற்றில் சில வகைகள் ஊசிபோன்ற சுரப்புக் குழலால் காக்-ஏ என்ற புரதத்தைச் செல்லுக்குள் செலுத்துகின்றன. செல்சுவரின் துணுக்குகளும் உள்ளே போகின்றன. அவற்றைச் செல்லின் உள் உணரிகள் பிடித்து, இன்டர்லூக்கின்-8 என்ற அழைப்பு மூலக்கூறை வெளியிடச் செய்கின்றன. இரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்கள் அந்தத் திசைக்குக் கிளம்பி, எபிதீலியம் எனப்படும் மேற்படலச் செல்களின் இடுக்கில் புகுந்து சுரப்பிக் கழுத்துவரை வந்துவிடும். வாக்-ஏ என்ற நச்சு செல்லுக்குள் வெற்றறைகளை உண்டாக்குகிறது. பத்தாம் நாள் திசுவில் நுண்ணோக்கி காட்டிய நியூட்ரோஃபில் குவியலின் பொருள் இதுதான்: வலியும் வீக்கமும் பாக்டீரியா நேரடியாகக் கடித்ததால் வந்தவை அல்ல, பெரும்பகுதி உடலின் பதில்.

புளிப்பில்லாத வாந்திதான் இந்த நிகழ்வில் மிகவும் கவனிக்க வேண்டிய அறிகுறி. நள்ளிரவுக்குப் பின் வெறும் வயிற்றிலிருந்து வரும் நீரில் அமிலம் இருந்தே ஆக வேண்டும். இல்லை என்றால் பெரைட்டல் செல்கள் வேலையை நிறுத்திவிட்டன என்று பொருள். அழற்சியில் வெளிவரும் இன்டர்லூக்கின்-1 பீட்டா, அமிலச் சுரப்பை அடக்கும் மிக வலிமையான பொருள்களில் ஒன்று. பாக்டீரியாவும் அந்தப் பம்பின் மரபணு இயக்கத்தைத் தாழ்த்துகிறது. திடீர்த் தொற்றின்போது இந்த அமிலமின்மை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். வாய் நாற்றத்துக்கும் இதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கும்: காவல் போன இரைப்பையில் மற்ற பாக்டீரியாவும் பெருகும்.

மார்ஷலின் திசு ஏன் தானாகத் தேறியது? எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. பல திடீர்த் தொற்றுகள் நாட்பட்டவையாக மாறுகின்றன. ஆள், பாக்டீரியா வகை, அமில நிலை ஆகிய மூன்றில் எது இங்கே முடிவு செய்தது என்பதை ஒரே ஆளை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு நிகழ்வு ஆய்வின் எல்லை அங்கேயே இருக்கிறது.

அழற்சியிலிருந்து புண்ணுக்கு

இங்கிருந்து புண்வரை போகும் பாதை வேறு செல்களின் வழியாகச் செல்கிறது. இரைப்பையின் கீழ்ப்பகுதியான ஆன்ட்ரத்தில் ஜி செல்கள் கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனைச் சுரந்து அமிலத்தைக் கூட்டச் சொல்கின்றன. பக்கத்திலேயே உள்ள டி செல்கள் சொமாடோஸ்டாடின் என்ற ஹார்மோனைச் சுரந்து போதும் என்று நிறுத்துகின்றன. நாட்பட்ட தொற்று ஆன்ட்ரத்தில் மையம் கொண்டால் டி செல்களின் கை தளர்கிறது. கேஸ்ட்ரின் ஓங்குகிறது, மேலே நலமாக உள்ள பெரைட்டல் செல்கள் அமிலத்தைக் கொட்டுகின்றன. முன்சிறுகுடல் அந்த அமிலத்தைத் தாங்க, தன் உட்பரப்பில் சில இடங்களை இரைப்பை வகைச் செல்களாக மாற்றிக்கொள்கிறது. பாக்டீரியாவுக்கு இரைப்பை வகைச் செல்தான் ஒட்டும் இடம். தற்காப்புக்காக உண்டான அந்தத் திட்டுகளிலேயே அது குடியேறுகிறது. அங்கேதான் புண்.

தொற்று இரைப்பையின் உடற்பகுதி முழுதும் பரவினால் நடப்பது நேர்மாறு. பெரைட்டல் செல்கள் அழிந்து அமிலம் குறைகிறது, சுரப்பிகள் மெலிகின்றன, குடல் வகைச் செல்கள் முளைக்கின்றன. இந்தப் பாதை புற்றுநோய்ப் பக்கம் திரும்பக்கூடியது. 1994இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் பாக்டீரியாவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. ஆனாலும் தொற்றுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுதும் புண்ணும் வராது, புற்றும் வராது.

புண்ணுக்கான சான்று மார்ஷலின் இரைப்பையிலிருந்து வரவில்லை. நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து நடத்திய சோதனைகளிலிருந்து வந்தது. அவற்றில் நெஞ்சில் நிற்பது ஆஸ்திரியாவில் நடந்து 1993இல் வெளியான ஒன்று. முன்சிறுகுடல் புண் உள்ளவர்களுக்கு அமிலக் குறைப்பு மருந்து எல்லோருக்கும் தரப்பட்டது. ஒரு பிரிவுக்கு மட்டும் அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் சேர்க்கப்பட்டன. ஓராண்டில் புண் திரும்ப வந்தது நுண்ணுயிர்க்கொல்லி பெற்றவர்களில் 8 சதவீதம், பெறாதவர்களில் 86 சதவீதம். 1989இலேயே பாக்டீரியா ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இன்றைய பெயரைப் பெற்றிருந்தது. 2005இல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சோதனையிலும் சிகிச்சையிலும் தவறும் இடங்கள்

யூரியேஸ்தான் இன்றைய சோதனைகளுக்கும் அடிப்படை. திசுத்துண்டை யூரியாவும் ஃபீனால் சிவப்பு என்ற நிறம் மாறும் சாயமும் கலந்த கூழில் வைத்தால், அமோனியா உண்டாகி மஞ்சள் நிறம் இளஞ்சிவப்பாகும். மூச்சுச் சோதனையில் கார்பன்-13 ஏற்றிய யூரியாவை, வழக்கமாக 75 மி.கி., விழுங்கச் செய்து, அரை மணி நேரம் கழித்து மூச்சில் அந்தக் கார்பன் வருகிறதா என்று அளக்கிறார்கள். இரண்டிலும் பொய்யான எதிர்மறை வரும் வழி ஒன்றே: பாக்டீரியா இருக்கும், எண்ணிக்கை குறைந்திருக்கும். எனவே ஒமெப்ரசோல் வகை அமிலக் குறைப்பு மருந்தை இரண்டு வாரமும், நுண்ணுயிர்க்கொல்லியையும் பிஸ்மத் என்ற உலோக உப்பு மருந்தையும் நான்கு வாரமும் நிறுத்திய பிறகே சோதிக்க வேண்டும். புண்ணில் இரத்தக் கசிவு உள்ளபோதும் கூழ்ச் சோதனையை முழுதாக நம்பக் கூடாது. அமிலக் குறைப்பு மருந்து எடுப்பவரிடம் பாக்டீரியா ஆன்ட்ரத்தை விட்டு மேலே நகர்ந்துவிடும். ஆன்ட்ரத்திலிருந்து மட்டும் துண்டு எடுத்தால் தவறவிடுவோம். ஆன்ட்ரத்தில் இரண்டு, வளைவில் ஒன்று, உடற்பகுதியில் இரண்டு என்ற ஐந்து துண்டு முறை இதற்காகவே.

சிகிச்சையில் ஒற்றை மருந்து தோற்கும். பரவலாகப் பரிந்துரைக்கப்படும் கூட்டு 14 நாட்களுக்கானது: உணவுக்கு அரை மணி நேரம் முன் அமிலப் பம்ப் தடுப்பி தினம் இருமுறை, பிஸ்மத் நான்கு முறை, டெட்ராசைக்ளின் 500 மி.கி. நான்கு முறை, மெட்ரோனிடசோல் 500 மி.கி. மூன்று அல்லது நான்கு முறை. அமிலத்தைத் தணிப்பது புண்ணுக்காக மட்டும் அல்ல. வேறு கூட்டுகளில் சேரும் அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் பிரிந்து பெருகும் பாக்டீரியாவையே கொல்லும். பிஹெச் உயர்ந்தால்தான் பாக்டீரியா சுறுசுறுப்பாகப் பிரியும். கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக்கு எதிர்ப்புப் பெற்ற வகைகள் பெருகிவிட்டதால், எதிர்ப்பு இல்லை என்று சோதித்து அறியாமல் அதைச் சேர்ப்பது சரியல்ல. பிஸ்மத் மலத்தைக் கருப்பாக்கும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் இரத்தக் கசிவு என்று பயந்து பாதியில் நிறுத்துகிறார்கள். பாதியில் நின்ற சிகிச்சை எதிர்ப்புள்ள பாக்டீரியாவை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போகும்.

மார்ஷலுக்குப் பின் நியூசிலாந்தில் இன்னொரு ஆய்வாளரும் இதே பாக்டீரியாவைக் குடித்தார்; அறிக்கை 1987இல் வெளியானது. அவருக்கும் முதலில் உடல்நலக்குறைவு, அழற்சி, அமிலமின்மை. உடல் தேறியது, தொற்று போகவில்லை. ஆண்டுக்கணக்கில் தங்கி, கடைசியில் மூன்று மருந்துக் கூட்டுக்கே அடங்கியது. வயிறு சரியாகிவிட்டது என்று நோயாளி சொல்வதை வைத்துத் தொற்று நீங்கியதாக எழுத முடியாததற்கு இதைவிடத் தெளிவான பதிவு வேண்டியதில்லை. இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பதும் இங்கே உதவாது, தொற்று போன பின்னும் அது நெடுங்காலம் நேர்மறையாகவே நிற்கும். மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, மூச்சுச் சோதனையோ மலத்தில் பாக்டீரியாவின் துணுக்குகளைத் தேடும் ஆன்டிஜென் சோதனையோ செய்து, அந்த முடிவையே கோப்பில் எழுத வேண்டும்.